சனிக்கிழமைக்கு ஒரு மாத்திரை

மூன்று மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். திருநள்ளாற்றிலிருந்து என் மனைவி தேவகியைப் பின்னால் உட்கார வைத்து, பைக்கில் கோவில்பத்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.

பாதி வழியில் என் தோளைப் பிடித்திருந்த கை வழுக்கியது.

"ஏங்க... வண்டிய நிறுத்துங்க."

நிறுத்தினேன். இறங்கி இரண்டடி நடந்தவள், வாய்க்கால் மதகுக் கட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. நெற்றி முழுக்க வேர்வை.

"ஒண்ணுமில்ல... வெயிலு" என்றாள்.

வெயிலா? அன்றைக்கு வானம் காலையிலிருந்தே மூடிக்கொண்டு நின்றது.

பிள்ளைகளே, என்னை உங்களுக்குத் தெரியும். காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் அட்டெண்டர். படிப்பு பத்தாவதோடு சரி. வாராவாரம் என் வீட்டில் நடந்ததை இந்தச் சிறுவர் இதழில் உங்களுக்கு எழுதுகிறேன். சிரிக்கிற மாதிரி ஏதாவது இருக்கும். இந்த வாரம் சிரிப்பு குறைவுதான். பையன்கள் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பெண்களைவிட உங்களுக்குத்தான் இதை முக்கியமாக எழுதுகிறேன்.

தேவகி திருநள்ளாற்றில் கோயிலுக்குப் போகிற தெருவில் ஒரு சின்னக் கடை போடுகிறாள். நல்லெண்ணெய், அகல் விளக்கு, கறுப்புத் துணியில் கட்டிய எள் முடிச்சு — இவ்வளவுதான் சரக்கு. வாரம் முழுக்க ஈ ஓட்டினாலும் சனிக்கிழமை ஒரு நாள் தூக்கி நிறுத்திவிடும். அன்றைக்கு மட்டும் கடை மூடக் கூடாது.

அவளுக்கு மாதவிலக்கில் ஏதோ கோளாறு என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால்... பக்கத்து வீட்டில் டிவி ஓடுவது தெரிகிற மாதிரி. காதில் விழும். காது கொடுத்துக் கேட்டதில்லை.

மாதவிலக்கு என்றால் என்ன? உங்கள் அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது. "இத வீட்ல படிச்சுக்கங்க" என்று டீச்சர் தாண்டிப் போயிருந்தால், நான் சொல்கிறேன். பெண்ணின் வயிற்றில் கர்ப்பப்பை என்று ஒரு பை. குழந்தை வந்தால் தங்குவதற்கு மாதாமாதம் அதற்குள் ஒரு மெத்தை தயாராகும். குழந்தை வரவில்லையென்றால் அந்த மெத்தை இரத்தத்தோடு கரைந்து வெளியே வந்துவிடும். அவ்வளவுதான். சிரிக்கவும் ஒன்றுமில்லை. ஒளிக்கவும் ஒன்றுமில்லை.

தேவகிக்கு அது சில மாதம் பத்து நாள் நீடிக்கும். சில மாதம் நின்ற மூன்றாம் நாளே திரும்ப வரும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு வருஷமாக இப்படி.

மதகில் உட்கார்ந்த அன்றைக்கே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். ஐந்து நிமிஷம் பேசினார்கள்.

"பிள்ளை இருக்குல்ல? அப்பறம் எதுக்கு இந்த அவஸ்தை? கர்ப்பப்பைய எடுத்துடலாம். புதன்கிழமை வந்து சேந்துடுங்க."

தேவகிக்கு வயது முப்பத்தேழு.

நான் தலையாட்டிவிட்டேன். பெரிய படிப்பு படித்தவர் சொல்லும்போது தலையாட்டுவது என் உத்தியோகத்தில் வந்த பழக்கம்.

சேதி கேட்டு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்தாள். அவளுக்கு ஐந்து வருஷத்துக்கு முன்பே எடுத்தாகிவிட்டது.

"யோசிக்காதீங்க அண்ணி. எடுத்துட்டா தொல்ல விட்டுச்சு. நா இல்லயா?"

"எடுத்தப்பறம் இடுப்புவலி போச்சா?" என்று கேட்டாள் தேவகி.

"அது... இருக்கும். வயசாகுதுல்ல?"

"தூக்கம் வருதா?"

தங்கை காபி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். வயசாகுது என்று சொன்னவளுக்கு முப்பத்தொன்பதுதான் ஆகிறது.

அன்று சாயங்காலம் தேவகி என்னிடம் வந்து நின்றாள். "ஏங்க, எடுக்கறதுன்னா எடுத்துக்கலாம். ஆனா இது ஏன் இப்படிப் பண்ணுதுன்னு யாராவது ஒருத்தர் சொல்லிட்டு எடுக்கட்டும்."

நியாயம்தானே? ஒரு மிக்சி ரிப்பேருக்குப் போனால்கூட ஏன் நின்றது என்று கேட்கிறோம்.

ஆபீசில் ஒரு மேடம் சொல்லி, டவுனில் புதிதாக வந்திருக்கும் ஒரு டாக்டரம்மாவிடம் செவ்வாய்க்கிழமை போனோம். பள்ளிக்கூடம் லீவு என்பதால் எட்டாவது படிக்கும் எங்கள் மகள் அகிலாவும் கூட வந்தாள். வாசல் போர்டில் டாக்டர் படிப்புக்குக் கீழே 'ஃபங்ஷனல் மெடிசின்' என்றும் எழுதியிருந்தது. அப்படியென்றால் என்ன என்று கேட்டே விட்டேன்.

"வலிக்கிற எடத்த மட்டும் பாக்காம, அது ஏன் இப்படி நடந்துக்குதுன்னு தேடிப் போறதுங்க. சாப்பாடு, தூக்கம், வேலை, கவலை, ரத்தப் பரிசோதனை, எல்லாத்தையும் சேத்துப் பாக்கணும். தேடிப் பாத்துட்டு ஆபரேஷன்தான் வேணும்னா அதையும் சொல்லுவேன். மந்திரம் ஒண்ணும் கிடையாது."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீளமாகக் கோடு போட்டார். ஒரு முனையில் தேவகி பெரியவளான வயது. மறுமுனையில் இன்றைக்கு. நடுவில் கல்யாணம், பிரசவம், கடை போட்டது என்று ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக் கேட்டுக்கொண்டே போனார்.

"முடி கொட்டறது எப்ப ஆரம்பிச்சது?" என்று என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரியவில்லை.

"களைப்பு?"

அதுவும் தெரியவில்லை. பதினைந்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். என் பைக்குக்கு ஆயில் மாற்றிய தேதி தெரியும்.

"சனிக்கிழமை காலைல என்ன சாப்பிடுவீங்கம்மா?"

"டீ மேடம்."

"அப்பறம்?"

"டீதான். மூணு மணிக்கு மேல வீட்டுக்கு வந்துதான் சோறு."

"தண்ணி?"

தேவகி தலையைக் குனிந்துகொண்டாள். "குடிச்சா பாத்ரூம் போவணும் மேடம். அங்க எங்க போறது?"

பிள்ளைகளே, இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கடைசியாக டாக்டரம்மா, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்றார்.

"இல்ல மேடம்" என்றாள் தேவகி.

"ஒண்ணும் கிடையாதுங்க" என்றேன் நான்.

"அம்மா, அந்தச் சனிக்கிழமை மாத்திரை?" என்றாள் அகிலா.

"ச்சூ. அது மாத்திரை இல்லடி. சும்மா தள்ளிப் போடறதுக்கு."

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

விஷயம் இதுதான். மாதவிலக்கு நாளில் எள் முடிச்சையும் விளக்கையும் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சாமிக்குப் போகிற பொருள். அந்த நாள் சனிக்கிழமையில் விழும் போலிருந்தால், தள்ளிப் போடுகிற மாத்திரையை முன்கூட்டியே ஆரம்பித்துவிடுவாள். கல்யாணம், திருவிழா என்று வருஷத்தில் ஒரு தடவை பலர் போடுவதுதான். இவள் ஏறக்குறைய மாதாமாதம் போட்டாள். மூன்று வருஷமாக. டாக்டர் யாரையும் கேட்காமல்.

"கடைல யார் வாங்கிட்டு வருவாங்க?"

தேவகி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தாங்க" என்றேன்.

நான்தான். மெடிக்கல் கடையில் பெயர் சொல்லிக் கேட்கக் கூச்சம். காலி அட்டையை உள்ளங்கையில் மறைத்து நீட்டுவேன். பக்கத்தில் ஆள் நின்றால் அவர் போகும்வரை பல்பொடி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருப்பேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இது ஒண்ணாலதான் எல்லாம்னு நான் சொல்ல மாட்டேன். தைராய்டு பாக்கணும், ரத்தம் பாக்கணும். ஆனா இது தெரியாம வேற எதையும் சரியாப் பாக்க முடியாது. இதுவும் ஹார்மோன்தாங்க. டாக்டர் பாத்துக் குடுத்தா மருந்து. நாமளா மாசாமாசம் போட்டா உடம்பு கொழம்பிப் போகும்."

ஹார்மோன் என்றால் என்ன என்று வீட்டுக்கு வரும் வழியில் அகிலா கேட்டாள். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். ஆபீசில் நான் செய்கிற வேலைதான் அது. ஒரு செக்‌ஷனில் எழுதிக் கொடுத்த தாளை இன்னொரு செக்‌ஷனில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அங்கே வேலை நடக்கும். உடம்பிலும் இரத்தத்தோடு ஓடி ஓடிச் சேதி சேர்க்கிற அட்டெண்டர்கள் உண்டு. 'இப்போது தயார் பண்ணு', 'இப்போது கரைத்து விடு' என்று சொல்வார்கள். நாங்கள் என்ன செய்தோம்? 'இன்னும் நேரம் வரவில்லை, பொறு' என்று மாதாமாதம் ஒரு போலித் தாளை உள்ளே அனுப்பினோம். எந்த ஆபீஸ் தாங்கும்?

ஆனால் டாக்டரம்மா கேட்டதில் என்னை உலுக்கியது வேறொரு கேள்வி. நாங்கள் எழுந்திருக்கும்போது கேட்டார்.

"உங்க நம்பிக்கைய நான் குறை சொல்லல. அந்தச் சனிக்கிழமை நீங்க கடைல உக்காரலாமே? ஆபீஸ் உண்டா?"

"இல்லீங்க. லீவு."

தேவகி சிரித்தாள். பல மாதம் கழித்துச் சிரித்தாள்.

"இவுங்களா? கவர்மெண்டு ஆளு மேடம். எண்ணெ விப்பாங்களா? என்னைய எறக்கி விட்டுட்டு வந்து, ஃபேனுக்குக் கீழ பேப்பர் படிப்பாங்க. முடிச்சிட்டு ஒரு தூக்கம். எழுப்புனா கோவம் வேற வரும்!"

அகிலாவும் சேர்ந்து சிரித்தாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஃபைலைப் பார்த்தார்.

யோசித்துப் பாருங்கள். மாதவிலக்கை நகர்த்தினோம். உடம்பையே நகர்த்தினோம். பேப்பரும் கையுமாக நாற்காலியில் இருந்த என்னை நகர்த்த வேண்டும் என்று மூன்று வருஷமாக இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. இல்லை... அவளுக்குத் தோன்றியிருக்கும். சொன்னால் நான் என்ன சொல்வேன் என்றும் தெரிந்திருக்கும்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏழுதான். தைராய்டும் சரியில்லை. ஸ்கேனில் பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை என்றார் டாக்டரம்மா. "மூணு மாசம் பாப்போம். நடுவுல ரத்தப்போக்கு அதிகமானா ஒரு மணி நேரம்கூட வீட்ல வச்சிக்காதீங்க. மூணு மாசத்துல சரியாகலேன்னா நானே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு மாத்திரை கொடுத்தார். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாதாம், சத்து ஒட்டாதாம். சனிக்கிழமை காலையிலும் டிபன் டப்பா — இரண்டு முட்டை, முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. இராத்திரி ஒன்பதரைக்குப் படுக்கை. கடைக்கு எதிர் லாட்ஜ் மேனேஜரிடம் போய், "எங்க வீட்டம்மா இங்க பாத்ரூமுக்கு வந்து போலாங்களா?" என்று கேட்டேன். "அட, இதுக்கென்ன, வரச் சொல்லுங்க" என்றார். மூன்று வருஷத் தாகத்துக்கு ஒரு நிமிஷப் பேச்சுதான் தேவைப்பட்டது.

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. முதல் மாதம் பயமுறுத்தியது. பன்னிரண்டு நாள். தேவகி, "பேசாம எடுத்துருக்கலாமோ?" என்று அழுதாள். டாக்டரம்மாவிடம் ஓடினோம், மருந்தை மாற்றினார். இரண்டாம் மாதம் ஏழு நாள். மூன்றாம் மாதம் ஐந்து. போன வாரம் பரிசோதனையில் ஹீமோகுளோபின் பத்தைத் தொட்டிருக்கிறது. முடி இன்னும் கொட்டுகிறது. மாடிப்படியில் நிற்காமல் ஏறுகிறாள். "இப்போதைக்கு ஆபரேஷன் பேச்சே வேண்டாம்" என்று டாக்டரம்மா எழுதிய சீட்டைத் தேவகி சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

பையன்களே, இப்போது புரிகிறதா உங்களை ஏன் உட்கார வைத்தேன் என்று? நாளைக்கு உங்கள் அக்காவோ அம்மாவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "என்ன பண்ணுது?" என்று கேளுங்கள். பதிலையும் நின்று கேளுங்கள்.

முதல் இரண்டு மாதமும் அந்தச் சனிக்கிழமைகளில் கூச்சப்பட்டுக் கடையைப் பூட்டியே வைத்தேன். மூன்றாம் மாதத்தின் அந்த ஐந்து நாளிலும் ஒரு சனிக்கிழமை விழுந்தது. இந்த முறை கடையில் நான்தான் உட்கார்ந்தேன். எள் முடிச்சு கட்டத் தெரியாமல் கட்டி, ஒரு அம்மா கையிலேயே அவிழ்ந்து கொட்டியது. "புதுசா தம்பி?" என்றார் அவர். ஆமாம் என்றேன்.

பத்து மணிக்கு எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு குடும்பத்தோடு வந்து நின்றார். எனக்குக் காது சுட்டது.

"என்னய்யா, நீ இங்க உக்காந்திருக்க?"

"வீட்ல உடம்பு சரியில்லைங்க சார்" என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"அவுங்களுக்கு மாதவிலக்கு சார். மாத்திரை போட்டுத் தள்ளிப் போட்டுப் போட்டு உடம்பு கெட்டுப் போச்சு. இப்ப டாக்டரம்மா நிறுத்தச் சொல்லிட்டாங்க. அதான் நான் உக்காந்திருக்கேன்."

நடுத்தெருவில் இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. "சரி சரி" என்று செருப்பு விடுகிற இடத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

அவர் மனைவி நடக்கவில்லை. விளக்கைப் பொறுக்குகிற மாதிரி குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "அந்த டாக்டரம்மா எங்க இருக்காங்க?"

வழி சொன்னேன். பத்தடி தள்ளி நின்ற சூப்பிரண்டுக்கும் கேட்கட்டும் என்று, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.