கழுகுச் சுவரில் விழுந்த நிழல்

பேய், ஆவி, காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜுக்குப் போனவன் நான்தான், அதுவும் இயற்பியல். அப்பாவைத் தேள் கொட்டியபோது வீடே மந்திரிக்கிறவரைத் தேடி ஓட, நான் அவரை வண்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கூட்டிவந்தேன். அதனால் இதைச் சொன்னால் முதலில் சிரிக்கப்போவது என் கூட்டாளிகள்தான். நீங்களும் வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

உத்திரமேரூரில் ஒரு ஸ்டுடியோவில் எனக்கு வேலை. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, சில சமயம் சாவு வீடு. போன தை மாதம் சென்னையிலிருந்து வேறு மாதிரி ஒரு வேலை வந்தது. அழிந்துகொண்டிருக்கிற விலங்குகளை நம் பக்கத்து ஊர்ச் சுவர்களில் பெரிசு பெரிசாக வரைந்திருந்தார்கள், அந்தச் சுவர்களை முழுசாகப் படம் எடுத்துத் தர வேண்டும். திருப்புலிவனத்தில் ஒரு சுவரில் புலி. பேரில் மட்டும் புலி மிச்சமிருக்கிற ஊர். அதை எடுத்து முடித்தேன். அடுத்தது திருப்புட்குழியில் கழுகு. நாம் தினம் பார்க்கிற பருந்து இல்லை, செத்த மாட்டைத் தின்கிற பெரிய கழுகு. ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக இருந்ததாம். மாட்டுக்குப் போட்ட வலி மருந்து அந்த மாட்டுக் கறியோடு வயிற்றுக்குள் போய் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டதாம்.

அமுதாவையும் வண்டியில் கூட்டிப்போனேன். அமுதா என் மனைவி. அவளை வீட்டில் தனியாக விட எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசியில், எட்டாம் மாதத்தில், வயிற்றிலேயே குழந்தையின் அசைவு நின்றுவிட்டது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அவள் மயக்கத்தில் இருந்தாள், நான் அவளுக்கு ரத்தம் தேடி ஓடிக்கொண்டிருந்தேன். திரும்பி வருவதற்குள் பெரியவர்கள் துணியில் சுற்றி வாங்கிப்போய் ஏரிக்கரையில் புதைத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான், பல் முளைக்காததற்குக் காரியம் கிடையாது, பேர் கிடையாது, தாய் பார்க்கக்கூடாது. பெண் குழந்தை என்று மட்டும் சொன்னார்கள். ஊரில் பிறக்கிற குழந்தைகளையெல்லாம் படம் எடுக்கிறவன் நான், என் குழந்தையின் முகம் எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

அன்றிலிருந்து அமுதா அழவில்லை. சோறு ஆக்குவாள், துணி துவைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், தூக்கத்தில் கை மட்டும் வயிற்றைத் தடவிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு முறை வாய்விட்டு அழுதுவிட்டால் போதும், பிழைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

கழுகுச் சுவர் ஒரு குளத்தங்கரையில், மேற்கே பார்த்து இருந்தது. சாயங்கால வெயில் நேராக விழும் என்றுதான் அந்த நேரத்துக்குப் போனேன். நீளமான சுவர். இடது கோடியிலிருந்து வலது கோடி வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து எடுத்து, அப்புறம் கம்ப்யூட்டரில் ஒட்டி ஒரே படமாக ஆக்க வேண்டும். எடுக்கும்போது எதுவும் அசையக்கூடாது, அசைந்தால் ஒட்டாது. கழுகு எவ்வளவு பெரிசு என்று தெரிவதற்காக அமுதாவைச் சுவரோரம் நிற்க வைத்தேன். சிறகு விரித்த கழுகு, அதன் கீழே பனைமர உச்சியில் ஒரு கூடு, கூடு காலி.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா வந்து நின்றார்.

"இன்னாபா, போயும் போயும் சொவத்த போட்டோ புடிக்கிற? எங்க ஆட்ட புடி, அதுனா பல்லக் காட்டும்."

"சொவுரு ஆடாம நிக்கும்கா. ஒங்க ஆடு நிக்குமா?"

"ஆங், வாய பாரு. அந்தப் பொண்ண இன்னாத்துக்கு வெய்யில்ல நிக்க வெச்சிகீற? கறுத்துப் பூடப் போவுது."

அமுதா சிரிக்கவில்லை. சுவரின் அடியில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இதுக்கு வருசத்துக்கு ஒரே முட்டதானா?"

"ஆமா."

"அதுவும் பூட்ச்சின்னா?"

"அந்த வருசத்துக்கு அவ்ளோதான்," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அவள் அண்ணாந்து அந்தக் காலிக் கூட்டைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "இந்த ஊர்லதான பெருமாளே ஒரு கழுகுக்குக் கொள்ளி வெச்சாரு? பெத்த அப்பனுக்கு செய்றாப்பல செஞ்சாராமே."

"ஆமா அமுதா. ஆடாத நில்லு, படம் ஒட்டாது."

"ஒரு பறவைக்கு செஞ்சாங்க. எம் பொண்ணுக்கு ஒரு கை தண்ணி வுட ஆளில்ல."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று குளத்தில் இறங்கினாள். இரண்டு கையையும் குவித்து, பாதி வழியெல்லாம் சிந்த, தண்ணீர் கொண்டுவந்து அந்தக் காலிக் கூட்டுக்கு நேர் கீழே சுவரடியில் விட்டாள். திரும்பப் போனாள், திரும்பக் கொண்டுவந்தாள். எங்கள் பக்கம் பெண்கள் இதெல்லாம் செய்கிற வழக்கமே இல்லை. நான் தடுக்கவில்லை. என் விரல் பாட்டுக்குப் பழக்கத்தில் படம் எடுத்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது முறை அவள் கையிலிருந்து தண்ணீர் விழும்போது எங்கள்மேல் நிழல் விழுந்தது. மேகம் மறைக்கிற மாதிரி இல்லை, சட்டென்று, ஒரு போர்வையைப் போர்த்தின மாதிரி. முதுகில் அடித்துக்கொண்டிருந்த வெயில் போய்ச் சில்லென்று ஆனது. அந்த நிழல் அமுதாவை முழுசாக மூடிக்கொண்டு, சுவர்மேல் ஏறி, வடக்கே நகர்ந்து போய்விட்டது. ஒரு பெரிய சிறகின் நிழல். நம்பினால் நம்புங்கள், அண்ணாந்து பார்த்தேன், வானத்தில் ஒரு காக்கா கூட இல்லை.

ஆடுகளெல்லாம் ஒரே ஓட்டமாக வேலிகாத்தான் புதருக்குள் போய் ஒடுங்கிக்கொண்டன. "மேல ஒண்ணியுங் காணோமே, இன்னாத்துக்கு இதுங்க இப்டி அட்ச்சிக்கினு ஓடுது?" என்று கத்தினார் அந்த அக்கா.

அமுதா சுவரடியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அந்த மாதிரி ஒரு மனுஷி அழுது நான் எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை. நான் கேமராவோடு மரம் மாதிரி நின்றேன். அந்த அக்காதான் ஓடிவந்து, யார் எவர் என்று ஒரு வார்த்தை கேட்காமல், அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். "அழு கண்ணு, அழுதுரு. உள்ள வெச்சிக்காத."

மறுநாள் ஸ்டுடியோவில் படங்களை ஒட்டப் பார்த்தேன். அமுதா நடமாடிய படங்கள் உட்பட மற்றதெல்லாம் எப்படியோ சேர்ந்தது. நிழல் விழுந்த ஒரு படம் மட்டும் எதோடும் சேரவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். உயரத்தில் பறக்கிற பறவையின் நிழல் ஓரம் கலங்கித்தான் விழும், சுவரை ஒட்டி வந்தால்தான் கூர்மையாக விழும், இது நான் படித்த பாடம். இதில் சிறகு நுனியின் ஒவ்வொரு இறகும் விரல் விரலாகத் தனித்தனியாகத் தெரிந்தது. அப்படியானால் அது என் தலையை உரசிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

அது போகட்டும். நான் பார்த்தது ஒரு நிழல். படத்தில் இரண்டு இருந்தது. பெரிய சிறகுக்கு அடியில், அதை ஒட்டினாற்போல், சின்னதாக இன்னொன்று. அதற்குச் சிறகு இல்லை.

அமுதாவிடம் காட்டக்கூடாது என்றுதான் வைத்திருந்தேன். வேலை கொடுத்தவர்களுக்கு வேறொரு நாள் போய்ப் புதிதாக எடுத்துக் கொடுத்துவிட்டேன். சித்திரையில் ஒருநாள் அவளாகவே என் லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டாள். நான் பதறிப் போனேன். அவள் பதறவில்லை.

"ரெண்டுதான் போச்சி மாமா. நீ பாக்கல?"

சின்ன நிழலின் ஓரத்தில் விரலை வைத்து மெதுவாக இழுத்தாள், குழந்தைக்கு மை இடுகிற மாதிரி. "நெத்தி எங்கம்மாது. மூக்கு ஒன்னுது."

அது வெறும் கறை, நாம் தேடுகிறதைத்தான் கண் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். அதை நிரூபித்துவிட வேண்டும் என்றுதான், ஸ்டுடியோவில் யாரும் இல்லாதபோது, விளக்கைப் போட்டு வெள்ளைச் சுவரில் என் பக்கவாட்டு நிழலை விழவைத்துப் படம் எடுத்தேன். அளவைக் குறைத்து அந்தச் சின்ன நிழலின்மேல் வைத்தேன்.

எதோடும் சேராத அந்தப் படம், மூக்கு இருந்த இடத்தில் என் நிழலோடு அப்படியே சேர்ந்தது.