சந்தை நாளின் இரண்டாம் இடாப்பு

பாலைச்சந்தை மத்திய மகா வித்தியாலயத்தின் பழைய இரும்புப் பெட்டி அகப்பட்டுவிட்டதாம் என்ற கதை மூன்று வாய் தாண்டித்தான் சத்தியபாமாவிடம் வந்து சேர்ந்தது. அதிபர் விடுதியின் கூரையைப் பிரித்த மேசன்மார் கண்டதாக ஊரில் யாரோ சொல்ல, அதை மெல்பேர்னில் ஒருவர் கேட்டு, அவர் சுஜீவாவுக்குச் சொல்லியிருந்தார். சுஜீவா வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைப் பகுதியில் வேலை செய்பவள். வேலை முடிந்து வரும் வழியில், ஸ்டேஷன் வாசலில் மரக்கறிப் பையோடு நின்ற சத்தியபாமாவைக் கண்டதும் ஓடிவந்து சொன்னாள்.

"சண்டையில எல்லாம் எரிஞ்சு போச்செண்டுதானே அக்கா நினைச்சனாங்கள். இடாப்பு, தபால் கொப்பி எல்லாம் பொலித்தீனால சுத்தினபடி கிடக்காம். உங்கட கையெழுத்து அழியாமல் இருக்காம்."

"ஆர் பாத்தது?"

"பாத்தவரைக் கண்டவையை எனக்குத் தெரியும்" என்று சுஜீவா சிரித்தாள். "படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கு. வந்தவுடன கொண்டு வாறன்."

 தபால் கொப்பி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து சத்தியபாமா மரக்கறிப் பையைக் கைமாற்றிக்கொண்டே நின்றாள்.

அறுபத்தாறு வயது. மகள் தர்ஷனாவோடு இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள். முழங்கால் விடும்வரை பரமட்டாவில் அலுவலகங்கள் துப்புரவாக்கினாள். அங்கே அவளுடைய பெயரைச் சரியாகச் சொன்னவர்கள் குறைவு. ஆனால் சிட்னியிலுள்ள பாலைச்சந்தைப் பழைய மாணவர்களுக்கு அவள் இன்றும் 'கிளாக்கர் அக்கா'தான். எண்பத்தோராம் ஆண்டு தொடங்கிப் பதினான்கு வருடம் அந்தப் பள்ளிக்கூடக் கந்தோரில் எழுதியவள். அவள் எழுதிக் கொடுத்த பள்ளி விடுகைப் பத்திரத்தைக் காட்டித்தான் பலர் நாடு நாடாய் ஏறியிறங்கினார்கள். கலியாண வீடுகளில் அவளைச் சுற்றி நின்று சேர்விலக்கம் கேட்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டு.

"அக்கா, என்ர நம்பர்?"

"மூவாயிரத்து நானூற்றிப் பதினேழு. தகப்பன்ர தொழில் எண்ட இடத்தில 'வியாபாரம்' எண்டு போடச் சொல்லி அழுதனீர்."

"இஞ்ச பாருங்கோ, என்ர மனுசிக்கு என்ர பிறந்தநாளே ஞாபகமில்லை" என்று அந்த மனிதர் சொல்ல, எல்லாரும் சிரிப்பார்கள்.

பள்ளிக்கூடத்தின் எழுபத்தைந்தாவது ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் பொறுப்பு சிட்னிக் கிளைச் செயலாளர் சுஜீவாவின் தலையில் விழுந்தபோது, அவள் நேரே சத்தியபாமாவிடம்தான் வந்தாள். மூன்று மாதமாகக் கேட்டுக் கேட்டு எழுதினாள். சந்தைக்குப் பின்னால் இரண்டு ஓலைக் கொட்டிலோடு தொடங்கியது. நுழைவுப் பரீட்சை என்று ஒன்று ஒருநாளும் வைத்ததில்லை. மூட்டை தூக்கியவரின் பிள்ளையும் டாக்குத்தரின் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்தார்கள். விஞ்ஞானமும் உண்டு, விவசாயமும் மரவேலையும் வர்த்தகமும் உண்டு. "இஞ்ச செலக்டிவ் ஸ்கூல் எண்டு பிள்ளையளை அரிதட்டில போட்டு அரிக்கிற சனம் இதை வாசிக்கவேணும்" என்று சுஜீவா சொன்னாள்.

அவளுக்கு மிகவும் பிடித்தது சந்தை நாள் கதை. செவ்வாயும் வெள்ளியும் பாதிப் பிள்ளைகள் விடியவே கத்தரிக்காய் மூட்டையோடு சந்தைக்குப் போய்விடுவார்கள். அடித்தும் பார்த்தார்கள், தண்டம் போட்டும் பார்த்தார்கள். ஒன்றும் சரிவராமல், அந்த இரண்டு நாளும் வரவு பதியும் இடாப்பை இரண்டு தடவை கூப்பிடுவதென்று ஒரு பழைய அதிபர் வைத்தார். ஏழரைக்குக் கூப்பிடுவது பேருக்கு. ஒன்பதரைக்குக் கூப்பிடுவதுதான் கணக்கு. ஒன்பதரைக்குள் வந்தவன் வந்தவன்தான், மண்ணும் வேர்வையுமாக வந்தாலும்.

ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் நடந்த ஒன்றைச் சத்தியபாமா சொல்லவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை. சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பங்கள் அனுப்புவதற்குக் கடைசி நாள். பியோன் வரவில்லை. சந்தை நாளில் அவன் வருவது அருமை. அப்படியான நாட்களில் சந்தை வேலை இல்லாத பெரிய பெடியன்களில் ஒருவனைத் தபால் கந்தோருக்கு அனுப்புவது வழக்கமாகிப் போயிருந்தது. பாடசாலை நேரத்தில் பிள்ளையை வெளியே அனுப்பக்கூடாது என்ற சட்டம் சுவரில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அனுப்புவார்கள்.

அன்று முதல் ஆளாக வந்தவன் இளங்கீரன். பதினேழு வயது, தகப்பன் இல்லாதவன், சட்டையை அழுத்திப் போட்டுக்கொண்டு வருவான்.

"தம்பி, இந்த உறையை ரெஜிஸ்டர் பண்ணிப்போட்டு ஒன்பதரைக்குள்ள ஓடி வாரும்."

"ஓம் அக்கா. சைக்கிள்ள போட்டு வாறன்."

எந்தத் தபாலை யார் கொண்டுபோனார் என்று பதியும் தபால் கொப்பியில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனான். ஒன்பது மணியளவில் சந்தையில் மூன்று இராணுவ ட்ரக் வந்து நின்றது. பதினொரு பேரை ஏற்றினார்கள். ஒருவரும் திரும்பவில்லை. ஒன்பதரை இடாப்பில் வகுப்பாசிரியர் ஒன்றும் அறியாமல் இளங்கீரனுக்கு நேரே, வரவில்லை என்று சைபர் போட்டார். விண்ணப்ப உறை மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. அவனைப் பிடித்தது சந்தை வழியாகத் திரும்பி வரும்போது.

அதிபர் செந்தில்நாதன் கந்தோர்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கெட்ட மனிதர் அல்ல. அன்று பயந்துபோயிருந்தார்.

"கந்தோரால அனுப்பின பெடியன் எண்டு தெரிஞ்சால் நாளைக்கு இஞ்ச வந்து நிப்பாங்கள். சோதினை எழுதுற நிலையத்தையும் இஞ்சயிருந்து எடுத்துப் போடுவாங்கள். இருநூற்றிப் பன்னிரண்டு பிள்ளையள். தபால் கொப்பியில அந்த ஒற்றை வேண்டாம், பிள்ளை."

அவள் அடிமட்டம் வைத்து அந்தத் தாளைக் கிழித்தாள்.

மூன்றாம் நாள் தாய் வந்தாள். "பள்ளிக்கூடத்துக்கெண்டுதான் வெளிக்கிட்டவன் ஐயா. ஒரு கடிதம் தாங்கோ." அதிபர் இடாப்பைத் திருப்பிக் காட்டினார். அந்த அம்மா சைபரைப் பார்த்தாள். பிறகு சத்தியபாமாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப என்னட்டப் பொய் சொல்லிப்போட்டே, தங்கச்சி, சந்தைக்குப் போனவன்?"

சத்தியபாமா குனிந்து பேனைக்கு மை விட்டாள்.

இந்தப் பெட்டிக் கதை வந்த கிழமை முழுவதும் அவள் தன்பாட்டில் வழக்காடிக்கொண்டிருந்தாள். கிழித்தது நினைவாகத்தான் இருக்கிறது. ஆனால் சரியான ஒற்றையைக் கிழித்தாளா? அடுத்த பக்கத்தில் பேனை அழுத்தம் பதிந்திருக்குமோ? இந்த நாட்டில் பிரசை ஆகும்போது நல்லொழுக்கம் பற்றி ஏதோ கேட்டார்களே, அதற்குள் இது வருமோ? சோற்றை அடிப்பிடிக்க விட்டாள். தர்ஷனா, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் சுஜீவா டப்லெட்டோடு வந்தாள். கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். இடாப்பின் வெள்ளிக்கிழமைப் பத்தி வந்தது. இளங்கீரனுக்கு நேரே சைபர். தபால் கொப்பி வந்தது. வியாழன் வரை ஒரு பக்கம், திங்கள் தொடங்கி மறுபக்கம். நடுவில் தையல் நூலோடு ஒட்டியபடி ஒரு விரல்கடை அகலக் கடதாசித் துண்டு.

"இதில ஒரு ஒற்றை இல்லை. எலி அரிச்சிருக்கும்" என்று சுஜீவா அடுத்த படத்துக்குப் போனாள்.

அவ்வளவுதான்.  இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அதிபர் செத்து இருபது வருடம். தபாலதிபரும் இல்லை. அவள் தேத்தண்ணி போட எழும்பினாள்.

"ஒரு சிக்கல் அக்கா" என்றாள் சுஜீவா. "இழந்த மாணவர் எண்டு ஒரு பக்கம் போடுறம். இளங்கீரன்ர பேரையும் போட்டிருந்தனான். அவற்ர தங்கச்சி வைதேகி மெல்பேர்னில மல்கிரேவ்ல இருக்கிறா. அவ போன் எடுத்து, போடவேண்டாம் எண்டிட்டா."

"ஏனாம்?"

"அண்டைக்கு அவர் பள்ளிக்கூடத்துக்குப் போகேல்லையாம். தாய்க்குப் பொய் சொல்லிப்போட்டு சந்தையில ஆரையோ சந்திக்கப் போனவராம். 'அம்மா சாகுமட்டும் அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதவ. பிடிச்சவங்களை விட அவன் பொய் சொன்னதுதான் அவவைத் திண்டது. பள்ளிக்கூடப் புத்தகத்தில அவனுக்கு என்ன இடம்' எண்டு கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்லுறது? இடாப்பிலயும் சைபர்தானே கிடக்கு."

சத்தியபாமா கேத்திலைத் திரும்ப அடுப்பில் வைத்தாள். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது.

"சுஜீவா, நீர் எண்பத்தாறாம் ஆண்டு சோதினை எடுத்தனீர்."

"ஓம். அதுக்கென்ன?"

"உம்மட விண்ணப்பமும் அதுக்குள்ள இருந்தது."

"எதுக்குள்ள?"

"வைதேகின்ர நம்பரைத் தாரும்."

"ஏன் அக்கா, நானே கதைக்கிறன். அவ கொஞ்சம் சூடான ஆள்."

"சூடாத்தான் இருக்கட்டும். முதல்ல அவவிட்டச் சொல்லவேணும். பிறகு உமக்குச் சொல்லுறன். நீர் அந்தப் பக்கத்தை அச்சுக்குக் குடுக்காதையும்."

சுஜீவா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள்.  இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

சத்தியபாமா மேசையடியில் உட்கார்ந்தாள். எப்படித் தொடங்குவது என்று சொல்லிப் பார்த்தாள். 'நான் பாலைச்சந்தைக் கிளாக்கர்' என்று தொடங்கினால் மற்றப்பக்கம் மரியாதையாகச் சுகம் கேட்கும். அதற்குப் பிறகு சொல்வது கடினம். 'உங்கட அண்ணர் பொய் சொல்லேல்லை' என்றுதான் தொடங்கவேண்டும். அதற்கடுத்து 'நான்தான் அனுப்பினனான்.' அதற்கடுத்து அந்த அம்மாவின் கேள்வி. முப்பத்தொன்பது வருடம் பிந்திய பதில். கேட்டவள் இப்போது உயிரோடு இல்லை. வைதேகி ஏசலாம். வைத்துவிடலாம். நாளைக்குச் சிட்னி முழுவதும் தெரியலாம், இனிக் கலியாண வீடுகளில் யாரும் இலக்கம் கேட்டு வராமல் விடலாம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் போனைக் கீழே வைக்கப் போதுமானதாக இல்லை.

இலக்கங்களை அழுத்தினாள். நடுவில் ஒன்று பிழைத்து, முதலிலிருந்து அழுத்தினாள்.

மல்கிரேவில் மணி அடிக்கத் தொடங்கியது. நான்காம் முறை அடித்தது. ஐந்தாம் முறை. அவள் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி, முதல் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மணி அடித்துக்கொண்டிருந்தது.