சத்தமில்லாமல் வந்து நின்ற வண்டி

டீசலா, எலக்ட்ரிக்கா?

போன மழைக்காலம் முடிந்ததிலிருந்து எங்கள் குடும்பத்தில் இதுதான் பேச்சு. என் அக்கா பாளையங்கோட்டையில் பிரசவம் பார்க்கிற டாக்டர். வாரம் ஒருநாள் வள்ளியூரிலும் கிளினிக் உண்டு. அவசரமென்றால் பிள்ளைத்தாச்சியைத் தன் காரிலேயே ஏற்றி வந்துவிடுவாள். பழைய கார் முதுகைப் பதம் பார்க்கிறது, இனி வாங்கினால் பெரிய, சொகுசான எஸ்யூவிதான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அதுவரை பிரச்னை இல்லை. அதற்கு மேல்தான்...

"எலக்ட்ரிக்தான். வீட்டுலயே சார்ஜ் போட்டுக்கலாம்" என்றாள் அக்கா.

"வண்டின்னா உறுமணும். சத்தமே போடாம ஊர்ந்து போறதுக்குப் பேரு வண்டியா?" என்றார் அத்தான். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இவருக்குத்தான் டீசல் வேண்டுமாம்!

நடுவில் மாட்டிக்கொண்ட நான் ஒரு யோசனை சொன்னேன். ஒரே நாள், ஒரே ரோடு. காலையில் டீசல், சாயங்காலம் எலக்ட்ரிக். ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். டீசல் வண்டியை அத்தானின் நண்பர் ஒருவர் கொடுத்தார். எலக்ட்ரிக்கை அக்கா கூட வேலை பார்க்கிற டாக்டர் கொடுத்தார். சேரன்மாதேவி வழியாகக் களக்காடு போய்த் திரும்புவது என்று ஏற்பாடு.

காலைப் பயணம் கொண்டாட்டம்தான். பனி விலகாத ரோட்டில் டீசல் வண்டி யானை மாதிரி போனது. கண்ணாடி ஏற்றியிருக்கிறது, ஏசி ஓடுகிறது, பாட்டு அலறுகிறது. அதற்கும் மேலே அத்தானின் குரல். "கேட்டியா மாப்ள, இன்ஜின் பேசுது பாரு!" களக்காட்டில் காபி குடித்துவிட்டு அதே ரோட்டில் திரும்பினோம். அத்தான் முகத்தில் வெற்றிக்களை.

வெயில் தாழ்ந்ததும் எலக்ட்ரிக்கில் கிளம்பினோம்.

கிளம்பினோமா என்பதே எனக்கு முதலில் தெரியவில்லை. வாசல் கேட் தானாகப் பின்னால் நகர்கிற மாதிரி இருந்தது. பாட்டு வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். உள்ளே டயர் ரோட்டில் உரசுகிற மெல்லிய ஓசை மட்டும். அக்காவின் வளையல் குலுங்கினால்கூடக் கேட்டது. மூன்று பேரும் ஏனோ குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தோம். துக்க வீட்டில் பேசுகிற மாதிரி.

சேரன்மாதேவி தாண்டி, ஆற்றுப் பாசன வயல்களை விட்டுத் தெற்கே திரும்பினோம். ஒரு ஊரில், ரோட்டோரம் எங்களுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் திரும்பினார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "தூ... தூ..." என்று தன் நெஞ்சில் துப்பிக்கொண்டார். அத்தான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

களக்காட்டுக்கு முன்னால் ரோட்டின் இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு. நடுரோட்டில் ஒரு மயில். எங்கள் வண்டி வருவதே அதற்குத் தெரியவில்லை. அத்தான் பைய நிறுத்தினார்.

"நான் ஓட்டுதேன், இறங்குங்க" என்றாள் அக்கா.

மூவரும் இறங்கினோம். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதா, அணைந்துவிட்டதா... தெரியவில்லை. காற்றும் இல்லை. வாழையிலை ஒன்றுகூட அசையவில்லை. தூரத்தில் மலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் கேட்டது. ஒரு குழந்தையின் சிரிப்பு.

கலகலவென்ற சிரிப்பு. நடுவில் ஒரு சின்ன விக்கல். மறுபடி கலகல. சட்டென்று நின்றுவிட்டது.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டின வரை வீடு இல்லை, ஆள் இல்லை. "தோப்புக்குள்ள யாராவது வேலை செய்வாங்க. பிள்ளையைக் கூட்டிட்டு வந்திருப்பாங்க" என்றார் அத்தான். அவர் குரலில் நம்பிக்கை இல்லை.

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை கவனித்தேன். அது தோப்புக்குள்ளிருந்து வரவில்லை. கீழேயிருந்து வந்தது. ரோட்டுக்கு அடியிலிருந்து.

நான் இரண்டடி பின்னால் போய் வண்டியோடு ஒட்டிக்கொண்டேன். எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

"வண்டியில ஏறு. போயிருவோம்" என்றார் அத்தான். அவர் கை அதற்குள் கதவில் இருந்தது.

அக்கா நகரவில்லை. பிரசவ அறையில் பிள்ளையின் முதல் அழுகைக்குக் காத்திருப்பாளே, அப்படி நின்றாள். மூன்றாவது முறை சிரிப்பு வந்தது.

"ஏலே... அதே இடத்துல விக்குது. ஒரே மாதிரி சிரிக்குது" என்றாள். "பிள்ளை இல்லலே. அது போன்!"

ரோட்டுக்குக் கீழே ஒரு சின்ன ஓடைப் பாலம் இருந்தது. புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து மறைத்திருந்தது. விலக்கிக்கொண்டு இறங்கினோம். சேற்றில் ஒரு பைக் கவிழ்ந்து கிடந்தது. அதற்கடியில் ஒரு ஆள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கால் பைக்குக்குக் கீழே சிக்கியிருந்தது. அவர் கைக்கு எட்டாத தூரத்தில், கல் இடுக்கில், வெளிச்சம் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது போன்.

கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். காப்பாற்ற வந்தவர்களைப் பார்க்கிற பார்வை இல்லை அது. பயம். ஏதோ முணுமுணுத்தார். தொழுகையில் ஓதுகிற வார்த்தைகள் என்று மட்டும் புரிந்தது.

"பயப்படாதீங்க தம்பி, நான் டாக்டர்" என்று சேற்றிலேயே முட்டி போட்டு உட்கார்ந்தாள் அக்கா. நாடி பார்த்தாள், உதட்டை நனைத்தாள், துப்பட்டாவால் காலை இறுக்கிக் கட்டினாள். நானும் அத்தானும் பைக்கைத் தூக்கினோம்.

போனை நான்தான் எடுத்தேன். மறுமுனையில் ஒரு பெண். அழுது அழுது தொண்டை கட்டிய குரல். "எங்கன இருக்கீய? ஏன் எடுக்கல?" நான் விஷயத்தைச் சொன்னதும், "எந்த ஆஸ்பத்திரிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். பின் சீட்டுகளை மடக்கி, அவரைப் படுக்க வைத்து, நாங்களே பாளையங்கோட்டைக்குக் கிளம்பினோம். அத்தான் ஸ்டீயரிங்கில். அக்கா பின்னால், அவர் கையைப் பிடித்தபடி.

அவர் பெயர் மைதீன். ஏர்வாடியில் துணிக்கடை வைத்திருக்கிறார். சேரன்மாதேவியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்காக விடிகாலையில் கிளம்பியிருக்கிறார். பனியில் காட்டுப்பன்றி ஒன்று குறுக்கே பாய்ந்திருக்கிறது. போனில் சிரித்தது அவர் மகள்; அவள் சிரிப்பைத்தான் ரிங்டோனாக வைத்திருந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார். "வண்டி போகுதா?"

"போகுது தம்பி."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "போகுதா... நிக்குதா?"

"போய்க்கிட்டுதான் இருக்கோம்."

"சத்தமே இல்லையே அக்கா..." கண்ணை மூடிக்கொண்டார். "நான் இருக்கேனா?"

அக்காவை நான் அப்படிப் பார்த்ததில்லை. அவள் முகம் வெளிறிவிட்டது. "என்னங்க, ஹாரன் அடிங்க!" என்று கத்தினாள். "அடிச்சுக்கிட்டே போங்க. அவருக்குக் கேக்கணும்!"

தேவையில்லாமல் ஹாரன் அடிக்கிறவர்களை வண்டியை நிறுத்தித் திட்டுகிறவர் அத்தான். பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரி வாசல் வரை கையை எடுக்காமல் அடித்தார். ஒவ்வொரு ஹாரனுக்கும் மைதீனின் விரல்கள் அக்கா கையை இறுக்கின. உயிர் இருந்தது.

சில நாள் கழித்து அவரைப் பார்க்கப் போனோம். காலில் கம்பி வைத்திருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மனைவி. தெளிவாகப் பேசினார் மைதீன்.

"மேல வண்டிச் சத்தம் கேக்கும்போதெல்லாம் கத்துனேன் அண்ணாச்சி. காலையில ஒரு பெரிய வண்டி பாட்டுப் போட்டுக்கிட்டு போச்சு. திரும்பியும் வந்துச்சு. ரெண்டு தடவையும் கத்துனேன். அப்புறம் தொண்டை போயிட்டு."

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க வந்தது எனக்குத் தெரியாது. வண்டி வந்த சத்தமில்ல, நின்ன சத்தமில்ல. புல்லை விலக்கிட்டு மூணு முகம் குனிஞ்சு பாக்குது. உசுரெடுக்க வர்ற மலக்குதான் வந்துட்டாருன்னு நெனச்சேன்."

காலையில் போன பெரிய வண்டி எது என்று நாங்கள் அங்கேயே சொன்னோம். அத்தான்தான் சொன்னார். மைதீன் போர்வையைக் கால்வரை இழுத்து விட்டுக்கொண்டார். "அந்தச் சத்தத்துல எப்படி அண்ணாச்சி கேக்கும்?" என்றார். அவ்வளவுதான். அவர் மனைவி மட்டும் எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது எங்களுக்கு டீ வாங்கி வந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததுதான் விநோதம். டீசலுக்காகச் சண்டை போட்ட அத்தான், "எலக்ட்ரிக்கே வாங்கு" என்றார். எலக்ட்ரிக்குக்காகச் சண்டை போட்ட அக்கா, "எனக்கு டீசலே போதும்" என்றாள். 'நான் இருக்கேனா' என்ற குரல் இன்னும் அவள் காதில் இருக்கிறது. இன்ஜின் சத்தம் இல்லாத இடத்தில் தன்னால் தனியாக உட்கார முடியுமா என்று பயம்.

வெளிச் சத்தம் உள்ளே வராமலிருக்கத்தானே நாம் லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறோம்? அந்தச் சத்தத்தில் யாருடைய குரலெல்லாம் இருக்கிறது என்று எந்த ஷோரூமில் சொல்வார்கள்?

போன வாரம்தான் முடிவுக்கு வந்தார்கள். "அன்னைக்கு சாயங்காலமும் டீசல்லயே போயிருந்தா?" என்று அத்தான் கேட்டாராம். அக்கா அன்றைக்கே ஷோரூமுக்குப் போன் போட்டாளாம். எலக்ட்ரிக் புக் ஆகிவிட்டது.

ஷோரூமில் கறுப்பு கலர்தான் உடனே கிடைக்கும் என்றார்களாம். அக்கா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள்.

"சத்தமில்லாம, கறுப்பா வந்து நின்னா எந்தப் பிள்ளைத்தாச்சி ஏறுவா? சிவப்பு வரட்டும்... காத்திருக்கேன்."