பாஞ்சாலி போட்ட ராஜா வேஷம்

சென்னையில் ஒரு நாடகக் குழுவில் பாஞ்சாலி பன்னிரண்டு வருஷம் இருந்தாள். நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கில நாடகங்களைத் தமிழில் போடுகிற குழு அது. ராஜா, ராணி, கொலை, பேய் எல்லாம் உண்டு. பாஞ்சாலிக்கு மட்டும் பணிப்பெண், தீவட்டி பிடிக்கும் வீரன், சில நாள் பிணம். பிணமாகக் கிடந்தபடியே எல்லாருடைய வசனத்தையும் மனப்பாடம் பண்ணிவிட்டாள்.

ஒருநாள் ராணியாக நடிப்பவளுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் பாஞ்சாலியை மேடையேற்றினார் இயக்குநர் கோபால்சாமி. ஒரு வரி பிசகவில்லை. ஆனால் ஆத்திரப்படுகிற இடத்தில் அவள் பிறந்த ஜவ்வாது மலையின் பேச்சு வந்துவிட்டது.

"என் வூட்டுக்குள்ள வந்து என்னையே கேக்குறியா?"

சபை கொல்லென்று சிரித்தது.

"உன் வாய்க்குப் பணிப்பெண்தாம்மா பொருந்தும்" என்றார் கோபால்சாமி, எல்லார் முன்னாலும்.

"அப்ப என் வாய்க்குப் பொருந்துற ராஜாவ நானே பண்ணிக்கிறேன் சார்."

அன்றே பஸ் ஏறினாள்.

மலைமேல் தன் ஊரான புதூர்நாட்டில் எட்டு மாசம் தனியாக ஒத்திகை. சாமைக் கொல்லையில் களை எடுக்கும்போதும் வசனம்தான். ஒரு மணி நேர நாடகம். பிணமாகப் படுத்த கதையைச் சொல்லிக்கொண்டே எழுந்து ராஜாவாவாள், கொலைகாரனாவாள், மகனைப் பறிகொடுத்த ராணியாவாள். எல்லாருக்கும் மலைப் பேச்சுதான்.

முதல் ஆட்டம் சந்தை நாள் காலையில், ஜீப் நிற்கிற இடத்தில். பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்த டிரைவர் மணிவேல் பாதியில் குரல் கொடுத்தார்.

"இன்னா பாஞ்சாலி, ராஜா நம்மள மாதிரியே பேசுறாரு?"

பாஞ்சாலி ராஜாவாகவே திரும்பினாள். "வேற எப்டி பேசணும்ன்ற? ஜீப்ப ஓரங்கட்டிட்டு ஒக்காரு!"

மணிவேல் நிஜமாகவே ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்தார். ராணி அழுதபோது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விஷயம் பரவி, சென்னை நாடக விழாவிலிருந்து போன் வந்தது. பேச்சை மட்டும் கொஞ்சம் திருத்திக்கொள்ளச் சொன்னார்கள்.

"திருத்தணும்னா நான் வரல" என்று போனை வைத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து, அப்படியே வரச் சொன்னார்கள்.

விழா மேடையில் முதல் வரிக்கே யாரோ சிரித்தார்கள். பாஞ்சாலி மேடை விளிம்புக்கு வந்து நின்றாள். "சிரிச்சு முடிங்க. காத்துக்கினு இருக்கேன்."

அரங்கம் அடங்கியது. அதன்பிறகு சிரித்தது, பிணத்துக்கு மூக்கு அரித்த இடத்தில். அங்கே சிரிக்கவேண்டும் என்றுதான் அவள் அதை வைத்திருந்தாள்.

முடிந்ததும் கோபால்சாமி வந்தார். "அடுத்த நாடகத்துல நீதாம்மா ராணி."

"செவ்வாக்கெழம எங்க மலைக்குக் கீழ ஒடுகத்தூர்ல எனக்கு ஆட்டம் இருக்கு சார். முடிஞ்சா வந்து பாருங்க."

அவர் வரவில்லை. முந்நூறு பேர் வந்தார்கள்.