தம்ளரில் ஒரு சிவப்புப் பொட்டு

கண் புரை அறுவைக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஹெபடைடிஸ் சி என்று வந்தது. கல்லீரலைச் சத்தமில்லாமல் அரிக்கிற கிருமி. மூன்று மாதம் மாத்திரை தின்றால் போய்விடும் என்றார் டாக்டர். பாளையங்கோட்டை வீட்டில் என்னோடு இருக்கும் அக்காவிடம் அதை அப்படியே சொன்னேன்.

அவளுக்குக் கல்லீரல் என்றாலே காமாலை, காமாலை என்றால் கீழாநெல்லி. சாயங்காலத்துக்குள் அரைத்து மோரில் கலக்கி நீட்டினாள். என் தம்ளரின் அடியில் பேத்தியின் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு பொட்டும் வைத்துவிட்டாள், மற்றதோடு கலந்துவிடக் கூடாதாம்.

"இது ரத்தத்துல ஒட்டுத நோய்க்கா. தம்ளர்ல ஒட்டாது."

"நீ டாக்டருக்குப் படிச்சியாக்கும்? பேசாம குடிட்டி."

எப்படி வந்திருக்கும் என்று டாக்டர் கேட்டபோதே எனக்கு ஆழ்வார்குறிச்சி கம்பவுண்டர் ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது ஊசி போட்டால்தான் ஊரில் வைத்தியம். வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் ஒரே ஊசியை வெந்நீரில் ஒரு முக்கு முக்கிக் குத்திக்கொண்டே போவார். எனக்கு முன்னால் எப்போதும் அக்காதான் நிற்பாள். தண்ணீரைக்கூட வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிற வீடு எங்களுடையது. அந்த ஊசியை மட்டும் யாரும் எச்சில் என்று சொன்னதில்லை.

"அப்ப ஊர்ல எத்தனை பேருக்கு இருக்கும் சார்?" என்று கேட்டிருந்தேன்.

"சோதிச்சவங்க கணக்குதாம்மா எங்கிட்ட இருக்கு. மத்தவங்க நல்லாத்தான் இருக்கோம்னு நடமாடுதாங்க. கல்லீரல் கெட்ட பெறகுதான் இங்கன வாராங்க."

அந்த வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஒருத்தராவது கேட்க வேண்டுமே! "நமக்கெல்லாம் அது வராது" என்றார் ஒருவர். "கைராசிக்கார மனுசன், செத்தவரப் போயி குறை சொல்லாதிய" என்று எனக்கே புத்தி சொன்னார் இன்னொருவர். இதுகளிடம் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

அக்கா அவர்களுக்கும் மேலே. "எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன். சவத்த விடுட்டி."

கெஞ்சினேன், கத்தினேன். கடைசியில், நீ சோதிக்காவிட்டால் நானும் மாத்திரை தின்ன மாட்டேன் என்று அட்டையைத் தூக்கி எறிந்தேன். வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்து ரத்தம் கொடுத்தாள்.

அவளுக்கும் இருந்தது. கல்லீரல் கொஞ்சம் இறுகத் தொடங்கிவிட்டதாம். இன்னும் நாள் கடத்தியிருந்தால் மாத்திரையால் மட்டும் ஆகியிருக்காது என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில் அடுப்படிக்குப் போனேன். காபி குடித்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் தம்ளரை முந்தானைக்குள் மறைத்தாள். பிடுங்கிப் பார்த்தேன். அடியில் ஒரு சிவப்புப் பொட்டு, இன்னும் காயக்கூட இல்லை.

"ஒனக்குக் கோட்டியாக்கா புடிச்சிருக்கு?" என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மிச்சக் காபியை அவள் கண்ணெதிரே வாய் வைத்துக் குடித்தேன்.

"ஏட்டி, எச்சிட்டி அது!" என்று பதறிக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.