மயக்க டாக்டரிடம் காட்டிய பாதம்

என் வீட்டுக்காரருக்குப் பித்தப்பைல கல்லு. எடுக்கணும்னா முழு மயக்கம் கொடுக்கணும். ஏற்கெனவே இதயத்துல ஸ்டென்ட் வச்ச உடம்பு. அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி, மயக்க மருந்து கொடுக்கற டாக்டரம்மாவைப் பாருங்கன்னு அனுப்பினாங்க.

"மூச்சு வாங்காம ரெண்டு மாடி ஏறுவீங்களா?"ன்னு அந்தம்மா கேட்டாங்க.

"மாடியா!" ஐயா சிரிச்சார். "மாசாமாசம் பௌர்ணமிக்குக் கிரிவலம் போறவன் மேடம் நான். மலையை முழுசா ஒரு சுத்து. எங்கயும் உக்கார மாட்டேன்."

எங்க ஊர்ல இது ஒரு வியாதி. சுகர் எவ்ளோன்னு கேட்டாலும் கிரிவலம், பிரஷர் எவ்ளோன்னு கேட்டாலும் கிரிவலம். டாக்டரம்மாவும் அதை நம்பி, இதயம் நல்ல தெம்பா இருக்குன்னு எழுதப் போனாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"எழுதாதீங்க மேடம்"னேன். "வெறுங்கால்ல மலை சுத்தினவங்க பாதம் கன்னங்கரேல்னு இருக்கும். இவரு வீட்டுக்கு வந்தா குதிகால் பளபளங்குது, நெத்தில விபூதி மட்டும் ஜாஸ்தி. செருப்பைக் கழட்டச் சொல்லிப் பாருங்க! மலை சுத்தற பாதைல, செங்கம் ரோட்டு டீக்கடைலயே உக்காந்து ஊர்க்கதை பேசிட்டு வர்ற பக்தரு இவரு."

அவர் என்னை ஒரு முறை முறைச்சார் பாருங்க, அப்பப்பா! மானம் போயிடுச்சாம்.

டாக்டரம்மா பேனாவை மூடிட்டாங்க. "மயக்கம் கொடுத்ததும் ரத்தக்குழாய் தளர்ந்து பிரஷர் இறங்கும். தெம்பான இதயம் சமாளிச்சுக்கும். அடைப்பு இருந்தா, இதயத்துக்கே போற ரத்தம் கம்மியாகி ஆக்சிஜன் பத்தாமப் போயிடும். முழிச்சிருந்தா நெஞ்சு வலிக்குதுன்னு சொல்வீங்க. மயக்கத்துல கிடக்கறப்ப யார்கிட்ட சொல்வீங்க? உண்மையைச் சொல்லுங்க, ஏன் நடக்கறதில்ல?"

சோம்பேறித்தனம்னு சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவர் தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னார். "நாலு எட்டு வச்சாலே நெஞ்சை அடைக்குது மேடம். டீக்கடையோட நின்னுடறேன்."

"வீட்ல ஏன் சொல்லல?"

"சொன்னா இவ அழுவா."

ஆபரேஷனைத் தள்ளி வச்சுட்டு, இன்னைக்கே இதய டாக்டரைப் பாருங்கன்னாங்க. எனக்கு அவர் கழுத்தைப் பிடிச்சு உலுக்கணும்போல ஒரு கோவம். அழுவாளாமே! வாயைத் திறந்தா புளுகற மனுஷன், இது ஒண்ணாவது புளுகாயிடக் கூடாதுன்னு அங்கயே உக்காந்து அழுதேன்.