புதுக் கேம் ஷாப்டும் ஒரு மாப்பிள்ளை ஊர்வலமும்

போன கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருதுப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். கார் ஓட்டியது மகன். முன்னால் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். பதினைந்து இருபது வாகனம், ஆள் நடக்கிற வேகம், முன் காரின் மூக்கு முழுக்கப் பூ. யாரோ பன்னீர் தெளித்திருக்க வேண்டும். அந்த வாசமும் ஒரு வேனின் டீசல் புகையும் ஒன்றாகக் கண்ணாடி இடுக்கால் உள்ளே வந்தன. எனக்குப் பல் கடிபட்டது. மகன் திரும்பிப் பார்த்து, "ஆர்ட கலியாணத்துக்கோ நீங்க ஏன் வாப்பா கோவப்படுறீங்க?" என்றான்.

அவனுக்கு என்ன சொல்வது? அவன் பிறப்பதற்கு முந்திய கோபம் அது. உங்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் ஆறுதலாக இருந்து கேட்பீர்கள்.

எழுபதுகளின் கடைசி. எனக்குக் கலியாணம் முடிந்து ஒரு வருஷம். எங்கள் கிழக்குக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான், தெரியுமல்லவா. நானும் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்முனையில் மாமா கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போனேன். மாமா என்றால் மனைவியின் வாப்பா. வீடு அவர் கொடுத்தது, கட்டில் அவர் கொடுத்தது, காலையில் தேத்தண்ணி குடிக்கிற கோப்பையும் அவர் மகளின் சீதனத்தில் வந்தது. நான் ஓட்டிய ஹயர் காரும் அவருடையதுதான். இப்படி இருக்கிற மனிதனுக்கு வாய் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

காரைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பழைய இங்கிலீசுக் கார், டீசல் இஞ்சின். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் மூன்று வீடு தள்ளித் தொட்டில் பிள்ளை எழும்பிவிடும். இறக்காமத்தில் அறுவடை என்றால் டிக்கியில் நெல் மூட்டை, பின் ஸீற்றில் ஆறு பேர். திருக்கோவில் திருவிழா என்றால் பாண்டிருப்புச் சனத்தை ஏற்றிக்கொண்டு நாலு தரம் போய் வருவேன். பெரிய டிரைவர் என்று எனக்கு ஒரு நினைப்பு. பொனட்டைத் திறந்தால் தண்ணீர் ஊற்றுகிற இடத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது.

அந்த வருஷம் கார் பாலம் ஏறத் திணறியது. கறுப்புப் புகை. இஞ்சினுக்குள் யாரோ இருந்து சுத்தியலால் தட்டுகிற சத்தம். தங்கராசா அண்ணனிடம் கொண்டுபோனேன். பெரியநீலாவணைக்காரர், கடலுக்குப் போகிற குடும்பத்தில் இஞ்சினுக்கு வந்த ஒரே ஆள். பாண்டிருப்பில் றோட்டோரம் ஓலைக் கொட்டில்தான் அவருடைய கராஜ். காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, கேம் ஷாப்ட் தேய்ந்துபோயிற்று என்றார். வால்வுகளைத் திறந்து மூட வைக்கிற தண்டு அது. அதில் முட்டை வடிவத்தில் எட்டு மேடு. மேடு தேய்ந்தால் வால்வு முழுதாகத் திறக்காது, இஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

புதுத் தண்டு கொழும்பிலிருந்து லொறியில் வர மூன்று கிழமை. அதன்மேல் உரசி ஏறி இறங்குகிற டெப்பட் எட்டும் புதிதாகத்தான் போட வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். மாமா முணுமுணுத்தார், அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. ரேடியேட்டரையும் முன்பக்கச் செயினையும் கழற்றினார். டெப்பட்டின் மேல் நிற்கிற புஷ்ரொட் கம்பி எட்டையும் அட்டைப் பெட்டி மூடியில் ஓட்டை போட்டு வரிசை மாறாமல் குத்தி வைத்தார். நான் ஒன்றை உருவிப் பார்க்கப் போய்க் கையில் அடி வாங்கினேன். பழைய தண்டை முன்பக்கத்தால் இழுத்தெடுத்தபோது மூன்றாவது மேடு கொட்டைப்பாக்கு மாதிரி உருண்டிருந்தது. புதியதைப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் ஒயிலும் கிரீஸும் பூசி உள்ளே விட்டார். அப்படி ஒரு கை.

வேலை முடிந்த நாளில்தான் மாமாவின் தங்கை மகனுக்குக் கலியாணம். மாப்பிள்ளை போகிற கார் எங்களுடையது என்று மாமா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அஸர் தொழுது முடிந்ததும் என்னைக் கராஜுக்குத் துரத்தினார். நான் போய்ச் சேர, அண்ணன் அப்போதுதான் ஸ்டார்ட் பண்ணி, அக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இஞ்சின் வேகமாக இரைந்தது. இப்படியே அரை மணித்தியாலம் ஓட வேண்டும் என்றார். மாமா நிற்கிறார், மாப்பிள்ளை உடுத்துக்கொண்டு நிற்கிறார் என்று நான் அவதிப்பட்டேன்.

"தம்பி, புதுக் கேமை மெதுவா ஓட விடப்படா. கீழ கிராங்க் வேகமாச் சுத்தினாத்தான் அதுக்கு ஒயில் அடிக்கும், இல்லாட்டித் தேஞ்சிடும். கட்டாயம் கொண்டுபோறதெண்டா, களுவாஞ்சிக்குடி வரைக்கும் ஒரே ஓட்டமா ஓடித் திரும்பி வாங்க. மறுகா ஊர்வலம் போங்க."

"ஓம் அண்ணன்" என்றேன். தலையையும் ஆட்டினேன். வடக்கே திருப்ப வேண்டிய காரைத் தெற்கே கலியாண வீட்டுக்குத் திருப்பினேன்.

கல்முனைக்குடியிலிருந்து சாய்ந்தமருதுக்கு இரண்டு மணித்தியாலம் போனோம். சைக்கிளில் பத்து நிமிஷப் பாதை அது. சந்திக்குச் சந்தி நின்று பைத் பாட்டுப் படிப்பு, சர்பத், பன்னீர். காலைக் கிளச்சிலிருந்து எடுக்கவில்லை. இஞ்சின் மெல்ல உறுமிக்கொண்டே நின்றது. முதல் சந்தியிலேயே அண்ணன் சொன்னது எனக்கு நினைவு வந்துவிட்டது. மறந்துபோனேன் என்று யாரும் எனக்காகப் பேச வேண்டாம். பக்கத்தில் அத்தர் மணக்க இருந்த மாமாவிடம், ஊர்வலத்தை விட்டுக் கொஞ்ச நேரம் வெளியே ஓடிவிட்டு வரட்டுமா என்று கேட்டும் பார்த்தேன்.

"மாப்பிளயக் கொண்டு போறம் மருமகன். மையத்தா கொண்டு போறம், ஓடுறத்துக்கு?"

பிரேதம் என்றதும் பின் ஸீற்றில் எல்லாரும் சிரித்தார்கள். வெட்கங்கெட்டவன், நானும் சிரித்தேன்.

நாலாம் நாள் இஞ்சின் மறுபடி தட்டத் தொடங்கியது. ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் கலைகிற நேரம் பார்த்து மாமா தன் கடை வாசலில் காரை நிறுத்தி, தங்கராசா அண்ணனுக்கு ஆள் அனுப்பினார். அவர் பக்க மூடியைக் கழற்றி ஒரு டெப்பட்டை வெளியே எடுத்தார். கண்ணாடி போல் இருந்த அடிப்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்திருந்தது. புதுத் தண்டும் போயிற்று. சொன்னபடி நான் காரை ஓட்டவில்லை என்று, ஒருவரும் சொல்லாமலே அண்ணனுக்கு விளங்கிவிட்டது. மாமா தொடங்கினார். வேலை தெரியாதவன் ஊரானின் இஞ்சினில் கை பழகுகிறான் என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். சுற்றி இருபது முப்பது பேர்.

அண்ணன் அவர் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் உங்களுக்குச் சொன்னனா இல்லையா? இவ்வளவு பேருக்கு முன்னால அதை மட்டும் சொல்லுங்க."

அவருக்கு இருந்தது நல்ல வேலைக்காரன் என்ற பெயர் ஒன்றுதான். ஒரு வார்த்தை நான் சொன்னால் அது தப்பும். நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன்.

"எனக்கு ஞாபகமில்ல அண்ணன்."

அவர் ஏசியிருக்கலாம். ஸ்பானரை எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். குனிந்து அந்த டெப்பட்டை அதன் இடத்தில் வைத்து, மூடியைப் பூட்டி, ஒவ்வொரு நட்டாக ஒழுங்காக இறுக்கிவிட்டுத்தான் போனார். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம் போல் இருக்கும்.

பிறகு ஊர் தன் வேலையைச் செய்தது. புதுத் தண்டை விற்றுவிட்டுப் பழையதைப் பூட்டினானாம் என்று ஒரு கதை. யார் கட்டிவிட்டதென்று தெரியாது. ஸ்டாண்டில் என்னோடு நிற்கிற ஹயர் கார்க்காரர்களே வாய்க்கு வாய் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று பீடி குடித்தேன். எங்கள் ஊர்க் கார்கள் அந்தக் கொட்டிலுக்குப் போவது நின்றது. பாண்டிருப்பைத் தாண்டும்போதெல்லாம் நான் வேகத்தைக் கூட்டுவேன். ஒரு வருஷத்தில் கொட்டிலின் ஓலை பிரிந்து கிடந்தது. அவர் மனைவியின் ஊரான மூதூர்ப் பக்கம் போய்விட்டார் என்றார்கள். ஒரு பஸ் எடுத்துப் போய், காலில் விழ வேண்டாம், உள்ளதைச் சொல்லிவிட்டாவது வந்திருக்கலாம். போகவில்லை. பிறகு போகவே முடியாத காலம் வந்தது. எண்பதுகளின் நடுவில் தமிழ், முஸ்லிம் கலவரம் வந்து எங்கள் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் இடையில் டயர் எரிந்தது, பாதை அடைபட்டது. அந்தப் பக்கத்துக் கராஜுக்கு இந்தப் பக்கத்துக் கார் போகிற பழக்கமே அற்றுப்போயிற்று.

இப்போது பள்ளிவாசல் வாசலில் என் வயதுக்காரர்கள் கூடினால் அந்தக் காலத்து வாகனங்களைப் பற்றிக் கதைப்போம். அண்ணனின் பெயரும் வரும். நல்ல வேலைக்காரன், பாவம், கலவரத்தோடு போனவன் திரும்பி வரவில்லை என்பார்கள். நோன்புக்கு முந்தி ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. கடை வாசலில் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. இறந்துபோன மாமாவின் மகன், என் மனைவியின் தம்பிதான் தோளில் கை வைத்து, "விடுங்க மச்சான், வாப்பா மௌத்தாகி எவ்வளவு காலம். மௌத்தான ஆளக் குற கதைக்கப்படா" என்றான். உடனே பேச்சு நெல் விலைக்குப் போயிற்று.

எங்கள் ஊரில் இல்லாமல் போன எல்லாவற்றையும் சண்டையின் தலையில் கட்டிவிடலாம், கேட்க ஆளில்லை. சண்டை கொண்டுபோனது எவ்வளவோ உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கலவரம் வந்தபோது தங்கராசா அண்ணன் இங்கே இல்லை. அதற்கு ஐந்தாறு வருஷம் முந்தியே, ஒரு துப்பாக்கியும் வெடிக்காத காலத்தில், நான்தான் அவரை அனுப்பிவிட்டேன்.